பூசையில் வைத்த கதைப் புத்தகம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இது நடந்தது. அன்று சரஸ்வதி பூசை. என் முதல் புத்தகம் அப்போதுதான் அச்சாகி வந்திருந்தது. கூடவே தலைக்கனமும் வந்திருந்தது.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். ரயில்வே ஆபீஸில் கிராணி வேலை, அதாவது கணக்குப்பிள்ளை உத்தியோகம். பிள்ளைகளுக்குக் கதை எழுத வேண்டும் என்ற கிறுக்கு எப்படியோ பிடித்துக்கொண்டது. முதலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த இன்ஜின் கொட்டகையைப் பற்றியும், அங்கே கரி பூசிக்கொண்டு திரிந்த பூனையைப் பற்றியும் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். போன வேகத்தில் எல்லாம் திரும்பி வந்தன. கதை என்றால் அது கடலுக்கு அப்பால் இருக்கும் ஊரில்தான் நடக்க வேண்டும் போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். மதராசிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைகளைப் படித்துப் படித்து, ஒரு பனந்தோப்பு, அதில் ஓர் அணில், நுங்கு வண்டி உருட்டும் பிள்ளைகள், கோடையில் வற்றிப்போன ஆறு என்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு ஒரு கதை எழுதினேன். நானோ கப்பலில் கால் வைத்தவன்கூட இல்லை.

அதைக் கோலாலம்பூரில் ஒரு சின்ன அச்சகத்துக்கு எடுத்துப்போனேன். முதலாளி ஊரை விட்டு வந்து வெகுகாலம் ஆனவர். நின்றபடியே படித்தார், கண் கலங்கிவிட்டது. ஊருக்கே போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி, உடனே அச்சடிக்க ஒப்புக்கொண்டார். எழுதியவன் அந்த ஊரைப் பார்த்தானா என்று அவர் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

புத்தகம் வந்தது. ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. உங்கள் கதையைக் கரையான்தான் முதலில் படித்து முடிக்கப்போகிறது என்று என் மனைவி கேலி செய்வாள். அந்த நேரத்தில்தான் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் ஒருவர், அவரும் ஊரிலிருந்து வந்தவர்தான், புத்தகத்தைப் படித்துவிட்டுப் பூசைக்குக் கூப்பிட்டார். வந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் சுற்றுவட்டாரத் தோட்டப் பள்ளிகளில் எல்லாம் இதையே பரிசுப் புத்தகமாகக் கொடுக்கச் சொல்கிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம், கையில் புத்தகம் என்று மாப்பிள்ளை மாதிரி கிளம்பினேன். ரயில், பஸ் எல்லாம் ஒழுங்காகப் போனது. தோட்டத்து முனையில் இருந்த சீனர் கடையைத் தாண்டும்போது, அந்தக் கடைக்காரரின் பெரிய வெள்ளை வாத்து ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு என்மேல் பாய்ந்தது. ஓடினேன். ஓடி, லோங்காங் என்று நாங்கள் சொல்லும் சாக்கடைக்குள் விழுந்தேன். புத்தகத்தை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன். நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வேட்டியைப் பிழிந்து, சேறு பட்ட பக்கத்தை உள்ளே மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

வாத்தியார் வாசலுக்கே வந்து வரவேற்றார். என் கையிலிருந்த புத்தகத்தை மரியாதையாக வாங்கினார். சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன்னால் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களோடு சேர்த்து அடுக்கி, மேலே சிவப்புப் பட்டுத் துணியைப் போர்த்திவிட்டார். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. பூசை நாளில் புத்தகத்தைத் தொட்டுப் படிக்கக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆசிரியன் ஆகிவிட்ட மிதப்பில் எனக்கு மறந்துவிட்டது. வாசிக்கத்தானே வந்தேன் என்று மெல்ல இழுத்தேன்.

"எழுதினவருக்குப் புத்தகம் எதுக்கு சார்? வாயாலேயே சொல்லுங்க," என்றார் அவர்.

பூசை முடிந்தது. பிள்ளைகள் கையில் சுண்டலோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். பெற்றோர்கள் பின்னால் நின்றார்கள். நான் ஆரம்பித்தேன். நான்கு வாக்கியம் வந்தது. அதற்குமேல் நாக்கு புரளவில்லை. என் கதைதான், ஆனால் என்னிடம் இல்லை, பட்டுத் துணிக்கு அடியில் இருந்தது. திக்கித் திணறிப் பனந்தோப்பு வரைக்கும் வந்து சேர்ந்தேன். முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, நுங்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். வெள்ளையாக இருக்கும், குளுகுளுவென்று இருக்கும் என்று பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன்.

"நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

சரஸ்வதி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்குப் பொய் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப யாரு பாத்தா?"

பின்னால் யாரோ கனைத்தார்கள். வாத்தியார் குனிந்து தரையைப் பார்த்தார். மானம் போயிற்று என்று சொல்வார்களே, அது போகும்போது இப்படித்தான் காது அடைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து, அவள் பக்கத்தில் இருந்த இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சார் லோங்காங்குல விழுந்தத நாங்க பாத்தோம் லா."

பள்ளிக்கூடமே கொல்லென்று சிரித்தது. இவர்கள் நான் வந்ததிலிருந்தே இதற்காகத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துச் சேற்றைக் காட்டினேன். வாத்து எப்படிக் கழுத்தை நீட்டியது, நான் எப்படி ஓடினேன் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. பிள்ளைகள் தவழ்ந்து தவழ்ந்து என் காலடிக்கே வந்துவிட்டார்கள். அந்தச் சிறுமி சுண்டலைத் தின்ன மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் பஸ் வரும் இடம் வரைக்கும் கூட வந்தார். பரிசுப் புத்தகம் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, சங்கடத்தோடு சொன்னார்.

"அந்தப் புத்தகம் எனக்கு ரொம்பப் புடிச்சது சார். ஆனா அது எனக்கு எழுதினது. புள்ளைங்களுக்கு எழுதினது இல்ல."

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டுகளின்மேல் படுக்கக் கூசி, அன்று தரையில் பாய் விரித்து மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். வாத்துக் கதையை எழுதி அச்சக முதலாளியிடம் கொடுத்தபோது அவருக்குக் கண் கலங்கவில்லை, முகம்தான் சுளித்தது. நச்சரித்துத்தான் அச்சடிக்க வைத்தேன். அது தோட்டம் தோட்டமாகப் போனது. எல்லோரும் அதையே என் முதல் புத்தகம் என்று நினைக்கிறார்கள்.

இன்றும் ஒரு கதையை எழுதி முடித்ததும் தாளை மூடி வைத்துவிட்டு வாயால் சொல்லிப் பார்ப்பேன். தடுக்குகிற இடத்தில் எல்லாம் அந்தச் சிறுமி எழுந்து நிற்கிறாள். அவள் என்னை அவமானப்படுத்தக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது.