தென்மேற்கிலிருந்து வடகிழக்காக

2008 ஜூலை 14, திங்கள். நாவற்குடா வீட்டில் வழக்கம்போல மாலை ஐந்தரைக்குப் பூஞ்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். 6.52க்கு, புறஊதா ஒளியையும் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கி ஓர் ஒளிப்புள்ளியாகத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வானத்தைக் கடந்தது. நாட்குறிப்பில் எழுதினேன். போர்க்காலம்; மை காயுமுன் வீட்டுச் சோதனைக்கு வந்த சிப்பாய் அந்த வரியில் விரல் வைத்தான்.

“நேரம், திசை. பிளேனா?”

“இல்ல சேர், தொலைநோக்கி. ஆகாயத்தில சுத்துது. நட்சத்திரம் பார்க்கிறது.”

“எங்க ஆமி காம்பைப் பார்க்காதா?”

“அது கீழ பார்க்காது சேர்.”

அவன் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். “காம்பில பெரிய ஆபீசர் பார்ப்பார்.”

அவன் போனதும் மனைவி கேட்டாள்: “இப்பிடி எத்தின நாள் எழுதி வச்சிரிக்கீங்க?”

“ரெண்டு வருசம்.”

மறுநாள் காலை முதலில் மீதிக் குறிப்புகளை அடுப்பில் எரித்தேன். அதன் பிறகே தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.