நான் விரல் வைத்துக் காட்டிய வரி

எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. பாலக்காட்டின் கிழக்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தேன். மின்சார வாரியத்தில் வேலை கிடைத்து மூணாறு மலைக்கு ஏறி வந்தவன், சித்திரபுரத்தில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றேன். மனைவி போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டேன். தமிழும் மலையாளமும் ஒருசேரப் படித்தவன் என்பதால், சுற்றியுள்ள தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து தொழிலாளர்கள் மனு எழுதிக்கொள்ள என்னிடம் வருவார்கள். அவர்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். மலையாளம் நன்றாகப் பேசுவார்கள், புரிந்துகொள்வார்கள். எழுதப் படிக்க வராது. தேவிகுளம் தாலுகா அலுவலகத்திலோ மலையாளத்தில் எழுதிய தாள்தான் மேசை விட்டு மேசை நகரும்.

அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் மலையாளத்தில் எழுதுவேன். எழுதி முடித்ததும் தாளைப் பார்த்தபடியே தமிழில் வாசித்துக் காட்டுவேன். அவர்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். எழுதியதும் வாசித்ததும் ஒன்றுதானா என்று இத்தனை வருடங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. எல்லா மனுவிலும் கொஞ்சம் மெருகு சேர்ப்பேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். குடிக்கிற கணவனை நோயாளி என்று எழுதியிருக்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போன மகன் என் தாளில் வேலை தேடி வெளியூர் போனவன். யாருக்கும் அதனால் கெடுதல் வந்ததில்லை. அதனாலேயே அது தவறு என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

நான் சொல்ல வந்த பெண்ணின் அப்பா மின்வாரியத்தில் எங்கள் செக்‌ஷனில் லைன்மேனாக இருந்தவர். அவர் இறந்த பிறகு அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஒற்றை மகளை வளர்த்தாள். மகள் மூணாறில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் இருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் கொச்சிக்குப் போனாள். அங்கேயும் பெரிய ஓட்டலில் அதே வேலைதான் என்று அம்மா சொல்லித்தான் எங்களுக்கெல்லாம் தெரியும்.

ஒரு மழை நாள் மதியம் அந்த மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“என்னம்மிணி, இப்படி நனைஞ்சுட்டு வந்திருக்கே? அம்மா எப்படி இருக்கா?”

“அம்மா கொழுந்துக்குப் போயிருக்கு சார். நான் வந்தது அதுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்.”

நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, போனை என் முன் வைத்தாள். பச்சைச் சேலையில் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளியே திரும்பியிருந்தது. ஒரு கன்னமும் காதும் கழுத்தும் மட்டும் தெரிந்தன.

“இது நான்தான் சார். எஸ்கார்ட்னு சொல்லுவாக, துட்டுக்கு ஆம்பளைகளோட போற வேல. தனியாத்தான் பண்ணுதேன், நடுவுல ஆள் கெடையாது. நானே நெட்டுல விளம்பரம் போடுதேன். பேசிப் பாத்து, சரின்னு பட்டாத்தான் போவேன். யார்கிட்டயும் முன்கூட்டிப் பணம் வாங்க மாட்டேன்.”

எனக்குக் காது சூடானது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலால் தள்ளி இன்னொரு பக்கத்தைக் காட்டினாள். அதே சேலை, அதே ஜன்னல். பெயர் வேறு, போன் நம்பர் வேறு. மேலே பெரிய எழுத்தில் மூணாறு என்று இருந்தது.

“இவன் யாரு?”

“தெரியாது சார். என் படத்தத் திருடி ஊர் ஊராப் போட்டிருக்கான். கூப்பிடுறவங்கிட்ட முன்பணம் அனுப்புங்கான். பணம் வந்ததும் அவுக நம்பர பிளாக் பண்ணிருதான். ஏமாந்தவன் சும்மா இருப்பானா? படத்த வச்சுத் தேடி என் நம்பரக் கண்டுபிடிச்சு, ஏ திருடி, பணத்தக் குடுன்னு என்னைய ஏசுதான். ஒருத்தன் நான் இருக்கிற கட்டடத்து வாசல்லயே வந்து நின்னு கத்தினான். அந்த சைட்டுக்கு எழுதுனேன். படத்த எடுக்கணும்னா கட்டணம் கட்டுங்கான். என் படத்த எடுக்க நானே கட்டணுமாம்!”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

“கொச்சின்னு போட்டான், கோயம்புத்தூருன்னு போட்டான், பொறுத்துக்கிட்டேன் சார். இப்ப மூணாறுன்னு போட்டுட்டான். இங்க ஜீப் ஓட்டுற பயலுகள்ல பாதிப் பேரு எங்கூடப் படிச்சவனுக. ஒருத்தன் பாத்தாப் போதும், அம்மா காதுக்குப் போயிரும். அதுக்கு முன்னாடி இது போகணும். ஸ்டேஷன்ல புகார, பராதின்னு மலையாளத்துல எழுதிக் கொண்டுவரச் சொல்லுதாக. நீங்கதான் எழுதித் தரணும்.”

நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். “ஏனம்மிணி, உனக்கு வேற வேலையே கெடைக்கலையா?”

“கெடைச்சுது சார். ரெண்டு வருசம் இங்க ரிசார்ட்டு ரிசப்ஷன்ல நின்னேன்ல? அந்த மேனேஜரு ஓசியில வேணும்னான்.”

நான் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என்ன எழுத வேண்டும் என்பதை அவளே தெளிவாகச் சொன்னாள்.

“உள்ளத உள்ளபடி எழுதுங்க. என் விளம்பரம் என் நம்பர்லயே இருக்கு, போலீசு தேடுனா முத நிமிசத்துல கெடைச்சிரும். அத மறச்சா நான்தான் பொய்க்காரி ஆவேன். பெறகு, கொச்சி விலாசத்தச் சொல்லுதேன், அதப் போடுங்க. வீட்டு விலாசம் வேணாம்.”

உள்ளே போய் எழுத உட்கார்ந்தேன். முதல் வரிகள் எளிதாக வந்தன. அவள் தொழிலைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றது. அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. இந்தத் தாலுகாவில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என் கையெழுத்தை அடையாளம் காண்பார்கள். அப்படியொரு சொல் என் கையெழுத்தில் ஒரு மேசைக்குப் போவதை நான் விரும்பவில்லை. ஒரு தனியார் ஓட்டலில் வரவேற்பாளராகக் கௌரவமாக வேலை செய்பவர் என்று எழுதினேன். குடும்பத்துக்காக எடுத்த படங்களை யாரோ திருடித் தவறான தொழிலோடு இணைத்துவிட்டார்கள் என்று எழுதினேன். கல்யாணமாகாத பெண் நகரத்தில் தனியாக இருக்கிறாள் என்றால் அதிகாரி என்ன நினைப்பார்? அம்மாவின் லைன் வீட்டு விலாசத்தை எழுதினேன்.

பிறகு வெளியே வந்து, அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, அவள் என்னிடம் சொன்னதையெல்லாம் தமிழில் வாசித்தேன். தாளில் இல்லாததை வாசித்தேன். குரல் பிசிறவில்லை. இத்தனை வருடப் பழக்கம் எனக்கு அந்த அளவுக்குக் கைகொடுத்தது.

அவள் கவனமாகக் கேட்டாள். “நான் செய்யிற வேலைய எழுதியிருக்கிற வரி எது சார்?” என்றாள்.

நான் ஒரு வரியில் விரலை வைத்தேன். அவள் குனிந்து அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும், அது அங்கே இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது போல. “இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல சார்” என்றாள். தமிழில் கையெழுத்துப் போட்டாள். கறுப்புக் காபி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள். மனசுக்கு லேசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தாள். அன்று மழை இல்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முற்றத்தில் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள்.

மனுவில் இருந்த விலாசத்தை விசாரிக்க ஒரு போலீஸ்காரரும் ஒரு பெண் போலீஸும் ஜீப்பில் வந்திருக்கிறார்கள். லைன் வீட்டில் ஆள் இல்லாததால், யாரோ வழி சொல்ல, கொழுந்து எடை போடும் ஷெட்டுக்கே போய்விட்டார்கள். தேயிலைச் சாக்கோடு வரிசையில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டு, இது உங்கள் மகள்தானா என்று படத்தைக் காட்டியிருக்கிறார்கள். திருட்டுப் பக்கத்தின் அச்சு ஒன்று, அவளுடைய சொந்த விளம்பரத்தின் அச்சு ஒன்று. பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அதிகாரி மனுவை உரக்க வாசித்தார். தான் கையெழுத்திட்டது என்ன என்பதை அவள் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டாள்.

“இது நான் சொன்னது இல்லன்னேன். அப்ப கையெழுத்து யாரோடதுன்னாரு. என்னோடதுன்னேன். விளம்பரமும் உன்னோடது, கையெழுத்தும் உன்னோடது, இதுல எது பொய்யின்னு நீயே சொல்லுன்னாரு. பொய்ப் பராதி குடுத்தா உன் மேலதான் கேசு வரும், பராதி வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போன்னாரு. எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

“உன்னோட நல்லதுக்குத்தான்...” என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. “புதுசா எழுதித் தர்றேன் அம்மிணி. நீ சொன்னபடியே. நானே கூட வந்து, நான்தான் மாத்தி எழுதினேன்னு சொல்றேன்” என்றேன்.

“இனி எதுக்கு சார்? யார் காதுக்குப் போகக் கூடாதுன்னு உங்ககிட்ட வந்தேனோ, அந்த அம்மா காதுக்கே போயிருச்சு.”

போகத் திரும்பியவள் நின்றாள்.

“படத்தத் திருடுனவனாவது என்னையத் தெரியாதவன் சார்.”

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவள் அம்மாவைப் போய்ப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தையும் என் குற்றத்தோடு சேர்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் எழுந்து பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

“வாங்க சார். நானே உங்களப் பாக்க வரணும்னு இருந்தேன். அந்தப் பொம்பளப் போலீசு நீங்க எழுதின மனுவ வாசிச்சுக் காட்டுச்சு. ஓட்டல்ல ரிசப்ஷன், கௌரவமான வேலைன்னு எழுதியிருந்தீகளாமே. அவ வந்து, இல்லம்மா, நான் இன்ன வேல செய்யுதேன்னு என்னென்னமோ சொன்னா. ஏன்டி இப்படிப் பொய் சொல்லுத, சார் எழுதினாத் தப்பா எழுதுவாகளா, படிச்சவுக எழுதினதுதான் நெசம்னு சண்ட போட்டேன். பொய் சொல்லுத நாயி எம்மூஞ்சில முழிக்காதன்னுட்டேன். போயிட்டா.” கோடாலியைச் சுவரில் சாய்த்தாள். “நெசந்தான சார் நீங்க எழுதினது?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் கேட்டாள். அந்த ஒரு சொல்லால் அவளுக்கு எஞ்சிய நாட்கள் கொஞ்சம் சுலபமாகியிருக்கும். ஆனால் அப்படிச் சுலபமாக்கித்தான் இவ்வளவும் நடந்தது.

“இல்லம்மா. உங்க மக சொன்னதுதான் உண்மை. எங்கிட்டயும் அதையேதான் சொன்னா. நான் மாத்தி எழுதிட்டேன்” என்றேன்.

அவள் சிதறிக் கிடந்த விறகை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் துலக்குவது கேட்டது. பிறகு மெதுவாக, “அப்ப அவ எங்கிட்டப் பொய் சொல்லல” என்றாள்.

“சொல்லல.”

“நான்தான் பொய்க்காரின்னு வெரட்டினேன்.”

உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். மகளின் நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஏமாந்தவர்கள் விடாமல் கூப்பிட்டதால் மாற்றியிருப்பாள். புது நம்பர் யாரிடமும் இல்லை; அவளுடைய சொந்த விளம்பரத்தையும் எடுத்துவிட்டிருந்தாள். கொச்சி விலாசமும் எங்களிடம் இல்லை. அன்று அவள் போடச் சொன்ன அந்த விலாசத்தை, வேண்டாம் என்று முடிவு செய்ததால், நான் எங்கேயும் குறித்துக்கூட வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அன்றே புது மனு எழுதினேன். விலாசம் தவிர அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவில் இருந்தது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. நானே ஸ்டேஷனுக்குப் போய், மாற்றி எழுதியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர் வந்தால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான்.

வாரம் ஒருமுறை அந்தத் திருட்டுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன், போய்விட்டதா என்று. போகவில்லை.

போன மாதம் அவள் அம்மா வேலை முடிந்து, முதுகில் சாக்குத்துணி கட்டியபடியே என் வீட்டுக்கு வந்தாள். எதற்கு வந்தாள் என்று சொல்லத் தயங்கினாள்.

“அந்தப் படம் உங்க போன்ல வருமா சார்?”

“எந்தப் படம்மா?”

“போலீசு காட்டுனது. எங்கிட்ட இருக்கிறதெல்லாம் அவ பள்ளிக்கூடத்துல எடுத்தது. இப்ப எப்படி இருக்கான்னு பாக்கணும். அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி நான் சரியாவே பாக்கல.”

திறந்து கொடுத்தேன். அழிந்துபோக வேண்டும் என்று மகள் என்னிடம் வந்து கேட்ட அதே திருட்டுப் பக்கம். அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தேயிலைக் கறை படிந்த விரல் பட்டுப் படம் பெரிதானது. விரல் காதருகே நின்றது.

“கம்மல் நான் எடுத்துக் குடுத்தது” என்றாள். பிறகு, “மெலிஞ்சிருக்கா” என்றாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள். நான் திறந்து கொடுக்கிறேன்.