களைக்காத பாடகி

பாட்டு விற்கிற கடையில் நிற்பவளுக்கு வாய் வேணும். எனக்கு அதுதான் இல்லை. பள்ளிக்கூடமும் ஆறாம் வகுப்போடு சரி. பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சீடி கடையில் ஒரு மாதம் நிற்கச் சொன்னார்கள், பிடித்தால்தான் வேலை. நகருக்கு வெளியே சார்செலில் தெரிந்தவர்கள் வீட்டில், ஒற்றை அறையில், நானும் மனுசனும் கைக்குழந்தையோடு இருந்தோம். தனி வீடு எடுக்க என்னுடைய சம்பளத் துண்டும் கேட்டார்கள். கடையில் நின்று பிழைத்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

ஒவ்வொண்டா முனகும்

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதுகளின் துவக்கத்தில் ஒரே பாடகி பாடின சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள். படப் பெயர் தெரியாது, முதல் வரியும் தெரியாது. ஒருநாள் மழையில் நனைந்தபடி ஒரு ஐயா வந்தார்.

"பிள்ளை, அந்தக் காலத்திலை ரேடியோவிலை கிழமைக்குக் கிழமை முதலாவதா வந்த பாட்டு. அவதான் பாடினவ."

"எது ஐயா?"

"அதைத்தானே உம்மட்டைக் கேக்கிறன். நீர் ஒவ்வொண்டா முனகும், வரேக்கை சொல்லுறன்."

நான் துணியை எடுத்துச் சீடித் தட்டைத் துடைக்கத் தொடங்கினேன். ஐயா பார்த்துவிட்டுப் போய்விட்டார். முதலாளி அண்ணை சொன்னார்: "தங்கச்சி, தூசு தட்ட எனக்கும் தெரியும். கதைக்கத்தான் உம்மை எடுத்தது."

ஆறாவது பாட்டு

போன கிழமை வாங்கின சீடியோடு ஒரு அக்கா வந்தா. இதே பாட்டுகள் வேணுமாம், ஆறாவது மட்டும் இருக்கக் கூடாதாம். கீறல் விழுந்திருக்கோ என்று மெல்லக் கேட்டேன்.

"கீறலும் இல்லை, ஒண்டும் இல்லை. அது துவங்கினவுடனை என்ரை மனுசன் சாப்பாட்டுக் கோப்பையை வைச்சிட்டு யன்னலைப் பாக்கிறார். இருவது வருசமாச் சமைக்கிறன், என்னை ஒருநாளும் அப்பிடிப் பாக்கேல்லை!"

கெட்டுப்போன சீடி

மாதத்தின் கடைசி நாள். ஒரு அண்ணை சீடியை மேசையில் வைத்தார். "இது பிழையான சீடி. பாட்டு வேகமா ஓடித் துலைக்குது. குரலும் கீச்செண்டு கிடக்கு." முதலாளி போட்டுக் காட்டினார். பாட்டு நல்லாய்த்தான் இருந்தது. "இது அவ இல்லை" என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, தைனமோ வயரைக் கொண்டுபோய் கசெற் போடுகிற ரேப் ரெக்கோடரில் கொழுவுவோம். எங்கள் வீட்டில் அப்பாதான் சுற்றுவார். கடைசிச் சரணத்தில் அவருக்குக் கை ஓயும், நாடா மெதுவாய்ச் சுற்றும். பாடகியும் களைத்து, ஆம்பிளைக் குரலில் இழுப்பா.

"அண்ணை, நீங்கள் தைனமோவிலையோ கேட்டனீங்கள்?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சரணத்தை அப்படியே இழுத்து இழுத்துப் பாடினேன். கடை முழுக்கக் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அண்ணையின் கை சீடியின் மேல் இருந்தது.

"ஓம், இதுதான் பாட்டு. எங்கடை அக்காதான் சுத்துறவ. கை நோகுதெண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

சீடியைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு போனார். முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்: "திங்கக்கிழமை வரேக்கை விசா அட்டையைக் கொண்டுவாரும் தங்கச்சி, வேலைக்குப் பதியவேணும்."

இப்போது சொந்த வீட்டில், அன்று கைக்குழந்தையாய் இருந்த மகள் போனில் அதே பாட்டைப் போடுகிறாள், கடைசிச் சரணத்திலும் களைக்காமல் பாடுகிற அந்தப் பாடகி அம்மாவைத்தான் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.