யாருக்கும் சொந்தமில்லாத வண்டி

என் கொழுந்தனைப் பழிவாங்கியதில் எனக்கு இன்றுவரை துளி வருத்தம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் பெரிய மனசை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

மரக்காணத்தில் நாங்கள் குத்தகைக்கு எடுத்த உப்பளத்தில் நானும் மற்றப் பெண்களோடு தலையில் உப்புக்கூடை சுமந்தவள்தான். கழுத்து வலி தாங்காமல் போனபோதுதான் வண்டி யோசனை வந்தது. வரப்பில் ஓர் ஆள் நடக்கத்தான் இடம். இரும்பு வைத்தால் உப்பு தின்றுவிடும். பழைய பிளாஸ்டிக் டிரம்மை அறுத்து அகலமான ஒற்றைச் சக்கரம், பிவிசி பைப்பில் கைப்பிடி, கொக்கியைத் தட்டினால் தானே கவிழும் தொட்டி என்று இரண்டு கோடை அதோடு மல்லுக்கட்டினேன். நான் சொன்னபடி பைப்பை அறுத்துக் கொடுத்தவன் கொழுந்தன். அவனுக்கு இ.சி.ஆர். சாலை ஓரம் பட்டறை இருக்கிறது.

எங்கள் உப்பளத்தில் முதல் உப்பு வாரும் நாளில் பூசை போடுவோம். புதுச் சாமான் எதுவானாலும் சூடம் காட்டி, வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்க்க வேண்டும். மறைத்து வைத்தால் விளங்காது என்பார்கள். அந்த வருஷப் பூசையில் அக்கம்பக்கத்து உப்பளக்காரர்கள் ஆளுக்கு ஒரு நடை வண்டியைத் தள்ளினார்கள். கொக்கியைத் தட்டிக் கவிழ்த்தும் காட்டினேன். கொழுந்தன் அதைச் செல்போனில் பிடித்து யூடியூபில் போட்டான்.

அடுத்த பருவத்தில் அவன் பட்டறை வாசலில் வரிசையாக என் வண்டி. ஒவ்வொன்றிலும் ‘பேட்டன்ட் விண்ணப்பிக்கப்பட்டது’ என்று சிவப்பு பெயிண்டில் எழுத்து. கேட்கப் போனேன். வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் பேசினான்.

“பேட்டன்ட்டு வந்துடுச்சின்னா இருவது வருஷத்துக்கு நான்தான் ஓனர் அண்ணி. நீங்க செய்யணும்னாலும் என்கிட்ட கேட்டுட்டுத்தான் செய்யணும்.”

இவனுக்கா என் கையால் மீன் குழம்பு ஊற்றினேன் என்று வயிறு எரிந்தது. தம்பிதானே, விட்டுத் தொலை என்றார் வீட்டுக்காரர். அன்று அவருக்கும் சோறு கிடையாது.

சென்னையில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டுவதுபோல் சொல்லிக் கொடுத்தார். கடைப் பெயருக்கும் சின்னத்துக்கும் டிரேட்மார்க். எழுத்து, பாட்டு, படத்துக்குக் காப்பிரைட். அது எழுதியவுடனே தானாக வந்துவிடும். பொருளின் தோற்றத்துக்கு டிசைன் பதிவு. புதிதாகக் கண்டுபிடித்ததற்குப் பேட்டன்ட். ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தால் அது புதிது இல்லை. விண்ணப்பம் வெளியான பிறகு, பேட்டன்ட் கொடுப்பதற்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு சொல்லலாம்.

உடனே அந்த வீடியோவைக் காட்டினேன். கொழுந்தன் அதை மறந்தே போயிருந்தான். கொக்கியைக் கிட்டத்தில் காட்டி, “பாருங்க, எங்க அண்ணியே செஞ்ச வண்டி” என்று அவனே பேசுகிறான்.

வக்கீலம்மா இரண்டு முறை பார்த்தார். “இது ஒண்ணே போதும்மா, அவர் பேட்டன்ட் விழுந்துடும். ஆனா முன்னாடியே எல்லாருக்கும் காட்டிட்டதால உங்களுக்கும் கிடைக்காது. அப்புறம் யார் வேணா செய்யலாம்.”

தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத்தடை செய்வதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எனக்கு அன்று மூக்கு பெரிதாகத் தெரியவில்லை. எதிர்ப்பைப் போடுங்கள் என்றேன்.

விசாரணைக்கு முன்னால் கொழுந்தன் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தான். நான் எதிர்ப்பை வாபஸ் வாங்கிவிட்டால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துவிடலாமாம், ஆளுக்குப் பாதியாம். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

“என் வண்டியில எனக்கே பாதி குடுக்க வர்றியா?” என்றேன். ஆப்பிளையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. செய்தி வந்ததும் பட்டறைக்குப் போனேன். தின்னரில் நனைத்த துணியால் சிவப்பு எழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசி வண்டி வரை நின்று பார்த்தேன்.

இப்போது இந்தப் பக்கம் எல்லாப் பட்டறையிலும் என் வண்டி செய்கிறார்கள். எதிலும் என் பெயர் இல்லை. சில நாள் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தும். அப்போது அந்த வீடியோவைப் போடுவேன். யூடியூபிலிருந்து அவன் அதை அழித்துவிட்டான். என் போனில் பத்திரமாக இருக்கிறது. எங்க அண்ணியே செஞ்ச வண்டி என்று அவன் சொல்கிற இடம் வந்ததும், திரும்பவும் சொல்ல வைப்பேன்.