அடுப்படியில் நின்ற போத்தல்

என் கணவரைக் கொன்ற வைன் நாலு வருஷம் கழித்து என் வீடு தேடி வந்தது. கொண்டுவந்தவர் வஹகோட்டைக்காரர், இத்தாலியில் என் கணவரோடு ஒரே திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தவர். கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர், உக்குவளையில் எங்கள் வீட்டை விசாரித்து வந்து, துவாயில் சுற்றிய போத்தலை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அவர் கைபட்ட கடைசி அறுவடைங்க. இப்பதான் போத்தலுக்கு வந்திருக்கு. மொதலாளி உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

வாங்கிக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தேன். வந்த மனிதர் மேல் எனக்கு என்ன கோபம்? கோபமெல்லாம் போத்தல் மேல்தான். சவப்பெட்டி வந்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

உயிரோடு இருந்தபோது வைன் பாடம் எடுக்காத நாளில்லை அவர். ஃபோனை எடுத்தால் "சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை, பிறகு திராட்சைதான். ஊரில் சாராயக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர். அங்கே போய் இந்த வேலையில் மாட்டிக்கொண்டாரே என்று நான் கேலி செய்வேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

கறுப்புத் திராட்சையைக் காம்பு நீக்கி நசுக்கி, தோலோடும் கொட்டையோடும் பெரிய தொட்டியில் விடுவார்களாம். கித்துள் மரத்துக் கள்ளு மாதிரி தானாகப் பொங்குமாம். தோலெல்லாம் மேலே மிதந்து அடை கட்டும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருப்பதால், காலையும் மாலையும் அதைக் கம்பால் உள்ளே அமுக்க வேண்டும். வடித்த சாற்றை, முதலாளியைவிட வயதான ஓக் மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் போட்டு வைப்பார்கள். மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். குறைந்த அளவுக்கு வைனை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்காவிட்டால் காற்றுப் புகுந்து புளித்துக் காடியாகிவிடும். புது வேலைப்பாடு எதுவும் அந்த முதலாளிக்குப் பிடிக்காது, எல்லாம் அப்பன் காலத்து முறைதான்.

"அப்ப நீங்க எப்பதான் வருவீங்க?"

"இந்த வருஷத்து வைன் பீப்பாய விட்டு வெளிய வரட்டும். ஒரு போத்தலோட வர்றேன். நீ ஒரு வாய் குடிச்சு எப்பிடி இருக்குன்னு சொல்லணும்."

"சீ, போங்க."

பொங்கும் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் மூச்சை அடைக்கும் ஒரு காற்று அடியில் தங்கும் என்றும், மெழுகுதிரியை இறக்கிப் பார்த்து, அது அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள் என்றும் அவர்தான் சொன்னார். அந்தக் கடைசி அறுவடையில் சாற்றை வடித்த பிறகு, அடியில் கிடந்த தோலை அள்ள இறங்கியவர் ஏறவில்லை. அன்றைக்கு மெழுகுதிரி இறக்கினார்களா என்று வஹகோட்டைக்காரரிடம் கேட்டேன்.

"நான் அன்னிக்கு வேற பக்கம் வேலைங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தத் தொட்டியில் வடித்த சாறுதான் இந்தப் போத்தலில் இருந்தது. போத்தலைக் குளிரான இருட்டில் படுக்க வைக்க வேண்டும், நிமிர்த்தி வைத்தால் தக்கை காயும், சூடு பட்டால் கெடும். இதுவும் அவர் சொல்லித் தந்ததுதான். அதனாலேயே நான் அதை அடுப்புக்குப் பக்கத்தில், வெயில் விழும் ஜன்னலோரம் நிமிர்த்தி வைத்தேன். ஒரு ஆளை விழுங்கிவிட்டு ருசியாகவும் இருக்குமோ? சோறு வடிக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து, "நல்லா வேகு" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

மாமியார் என்னோடுதான் இருக்கிறார். தெவசத்தன்று அதைப் படையலில் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"அவருதான் குடிக்கவே மாட்டாரே மாமி."

"தான் செஞ்சத எம்புள்ள ருசி பாக்க வேணாமா?"

ஜன்னலோரத்திலிருந்து அதை எடுத்து வந்தேன். போத்தலைத் திறக்க வீட்டில் எதுவும் இல்லை. முன்கடை முஸ்லிம் நானாவிடம் ஸ்குரூ ஆணியும் குறடும் கேட்டேன். "குறடு தாரேன் தங்கச்சி, எதுக்குன்னு மட்டும் எனக்குச் சொல்லிராதீங்க" என்றார். தக்கை பாதியில் உடைந்தது. மீதியை உள்ளே தள்ளி, தேத்தண்ணி வடியில் வடித்து ஒரு கிளாஸை நிரப்பினேன்.

கருவாட்டுக் குழம்பு, பலாக்காய்க் கறி, அவித்த முட்டை, பக்கத்தில் அந்தச் சிவப்புக் கிளாஸ். சாம்பிராணி காட்டிக் கும்பிட்டோம். காகத்துக்குச் சோறு வைத்தோம். படைத்ததை வீட்டார் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். மாமியார்தான் முதலில் கிளாஸை வாயில் வைத்தார். முகம் சுருங்கிப்போனது.

"ஐயோ, காடியாப் போச்சு புள்ள. அவன் செஞ்சது கெட்டுப்போச்சு" என்று விசும்பினார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வென்றுவிட்டேன் என்றுகூட நினைத்தேன். கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தேன். துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்தது. துப்பப் போனேன். "மொதல்ல அப்பிடித்தான் புடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்க" என்று எப்போதோ ஃபோனில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. பொறுத்தேன். துவர்ப்பு மெல்ல விலகி, பழுத்த பழத்தின் ருசி அடித்தொண்டை வரைக்கும் இறங்கி, அங்கேயே நின்றது.

மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டுத்தான போச்சு?"

"இல்ல மாமி. நல்லாருக்கு."

அதைச் சொன்ன பிறகுதான், நாலு வருஷமாக வராத அழுகை எனக்கு வந்தது. எப்படி இருக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டும் என்றாரே. சொல்லிவிட்டேன், கேட்க அவர் இல்லை.