அமுங்காத ஐஸ்

அபுதாபி முசஃபாவில் வெல்டராக இருக்கிறேன். படித்தது நாலாவது வரைதான். அதிகம் பேசவும் மாட்டேன்.

ஒரு ஆகஸ்ட் மத்தியானம், என்னோடு ரூமில் தங்கியிருக்கும் முருகேசன் வேலையிடத்தில் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தான். உடம்பு கொதித்தது, பேச்சு குழறியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவனைத் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கி, இரண்டு மூட்டை ஐஸைக் கொட்டினோம். ஐஸ் மேலேயே மிதந்தது. அடியில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. நான் ஐஸை அவன் நெஞ்சோடு வைத்து அமுக்கினேன். கையை எடுத்ததும் மேலே வந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன். அழுகை வந்துவிட்டது.

பாகிஸ்தானி டிரைவர் ஒருவர் ஓடிவந்து, “அரே பாய், ஐஸோடு ஏன் சண்டை? தண்ணியைக் கலக்கு, ஜல்தி!” என்று தொட்டிக்குள் கையை விட்டார். இருவரும் விடாமல் கலக்கினோம். குளிர் அடிவரை இறங்கியது. ஆம்புலன்ஸ் வந்தபோது முருகேசன் “அண்ணே” என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவனிடம் கேட்டேன்: “கல்லு மாதிரி இருக்கு, ஏன்டா முங்க மாட்டேங்குது?”

“தண்ணி உறைஞ்சா பெருத்துடும்ணே. எடை அதேதான், இடம்தான் கூடும். அதான் மிதக்குது. நான் சாகக் கெடந்தப்போ இதுவா உங்க கவலை?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். புரியாமல் இல்லை. அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.