ஹீட் முள் இறங்கிய காலை

கண்ணுகளா, தினமும் காலையில் லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஹீட்டர் காற்று வருகிற ஓட்டைக்கு முன்னால் நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அப்பா வண்டிக்கு ஆசீர்வாதம் பண்றாரு" என்று சிரிக்கிறீங்க. ஏன் என்று கேட்டால், நேரமாச்சு என்று கிளம்பிவிடுகிறேன். இன்றைக்கு எழுதியே வைத்துவிடுகிறேன்.

போன மார்கழியில் நடந்தது. காப்பிப் பழம் பறிக்கிற மும்முரம். எஸ்டேட்டில் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷினின் மோட்டார் எரிந்துபோனது. பறித்த பழத்தை மூட்டையிலேயே விட்டால் சூடேறிப் புளித்துவிடும். அப்புறம் காப்பிக்கொட்டையில் அந்த வாடை போகவே போகாது. அத்தனை மூட்டையும் களத்தில் காத்துக் கிடந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டி வாங்கிய அந்த மோட்டாரையும், கூடவே உர மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் குப்பனூர் வழியாக மலை ஏறினேன். மோட்டாரை ஓட்டிப் பார்த்து வாங்குவதற்காக, பல்ப்பர் ஓட்டுகிற அக்காவும் வந்திருந்தார்.

நல்ல பனி. ஹீட்டரைப் போட்டேன். அடிவாரத்தில் நடுவில் நின்ற, இன்ஜின் சூட்டைக் காட்டுகிற ஹீட் முள், கொஞ்ச தூரம் ஏறியதும் இறங்க ஆரம்பித்தது. குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். பனிக்காலத்தில் மலை டிரைவர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் செருகி வைப்போம். குளிர்காற்று நேராக அடிக்காது, இன்ஜின் சீக்கிரம் சூடேறும். வண்டியை ஓரங்கட்டி நானும் செருகினேன். ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருந்தது. சரியாகத்தான் செய்கிறோம் என்று எனக்கு ஒரே திருப்தி.

ஆனால் அட்டை வைத்த பிறகும் முள் ஏறவில்லை. இன்னும் இறங்கியது.

"ஏனுங்க, இது ஹீட்டருங்களா, ஐஸ் பொட்டிங்களா? காலே மரத்துப் போச்சுங்க" என்றார் அக்கா.

"இன்ஜினே இன்னும் சூடாகலைங்கக்கா" என்று முள்ளைக் காட்டினேன்.

"சேலத்துல இருந்து ஓடியாருது, இன்னுமா சூடாகல? நொம்ப சோம்பேறி இன்ஜினுங்க!"

சிரித்துவிட்டேன். ஆனாலும் அந்தப் பேச்சு மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்தேன். முரண்டே பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அங்கேதான் சந்தேகம் வந்தது. கியர் பாக்ஸுக்கு நம் வண்டியில் முள் கிடையாது, என் கைதான் முள். குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தால் கியர் முரண்டு பிடிக்கும், சூடேறினால் இளகிவிடும். கியர் பாக்ஸே சூடாகிவிட்டதே, பாரம் இழுக்கிற இன்ஜின் மட்டும் எப்படிக் குளிரும்? அடிவாரத்தில் சூடாக வந்த ஹீட்டர் காற்று மேலே போகப் போக ஏன் ஆறுகிறது?

நிறுத்திவிட்டேன். இன்ஜின் மூடியைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது.

ரேடியேட்டரின் கீழ்க் குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பு தளர்ந்து, இன்ஜினை ஆற்றுகிற கூலன்ட் தண்ணீர் முழுக்க வழியிலேயே ஒழுகிப் போயிருந்தது. பனியில் ரோடே நனைந்து கிடந்ததால் எனக்குத் தெரியவில்லை. முள்ளுக்குச் சூட்டைச் சொல்கிற சென்சார் எப்போதும் அந்தத் தண்ணீரில் முங்கியே இருக்க வேண்டும். தண்ணீர் போனதும் அது வெறுமனே நின்றுகொண்டு குளிர்ச்சி, குளிர்ச்சி என்று காட்டியிருக்கிறது. ஹீட்டருக்குச் சூடு கொண்டு வருவதும் அதே தண்ணீர்தான். சுற்றி வரத் தண்ணீர் இல்லாமல் ரேடியேட்டரும் ஆறிக் கிடந்திருக்கிறது.

அக்கா எட்டிப் பார்த்தார். "காய்ச்சக்காரனுக்குக் கம்பளி போத்தி உட்டிருக்கீங்களே சாமி!"

அதற்குள் எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிற ரைட்டர் போன் செய்துவிட்டார். "இன்னும் கொஞ்ச தூரந்தானுங்களே, மெதுவா ஏத்திருங்க. பழம் வாடை அடிக்க ஆரம்பிச்சிருச்சு."

எனக்கும் ஆசைதான். ஆனால் ஏற்றினால் இன்ஜின் இறுகிப் போகும், அப்புறம் மோட்டாரும் நடுவழியில்தான். பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றவும் முடியாது, கொதிக்கிற இரும்பு விரிசல் விட்டுவிடும். "முடியாதுங்க, ஆறணும்" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றேன்.

நல்லவேளை, மலைமேல் ஒண்டிக்கடையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் வெங்காய மூட்டை ஏற்றிய சரக்கு வேனில் மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "வெங்காயம் அவசரப்படாதுங்க. அது உங்க லாரியில இருக்கட்டும், மோட்டார் மொதல்ல போவட்டும்" என்று அவரே மூட்டையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். மோட்டாரோடு அக்காவும் வேனில் ஏறினார். "அந்தக் கம்பளிய உருவிப் போட்டுட்டு நிதானமா வாங்க!"

வெகுநேரம் கழித்து அக்கா போன் செய்தார். முதலில் போனை மெஷின் பக்கம் நீட்டினார். பல்ப்பர் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் மூட்டை புளித்துவிட்டதாம், மற்றதெல்லாம் தப்பித்தது.

அந்த முள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை கண்ணுகளா. தன்னைத் தொடாத சூட்டை அது எப்படிச் சொல்லும்? எல்லாம் சரி என்று ஒரு பக்கம் காட்டினால், இன்னொரு பக்கமும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என்னோடு தங்கிவிட்டது.

இன்ஜின் ஆறியதும் அட்டையை உருவினேன். கிளாம்பை முறுக்கி, பாறை ஓரம் வழிந்த தண்ணீரைப் பிடித்து வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்தேன். முள் மெல்ல ஏறியது. அதை மட்டும் நம்பாமல், அந்த வளைவில் தனியாக, ஹீட்டர் ஓட்டைக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உள்ளங்கையில் வெதுவெதுப்பு வந்து சேரும் வரைக்கும்.